மரத்தடியில் சொன்ன படம்

கோலாலம்பூரிலிருந்து பத்துமலையைக் கடந்து, பத்து அணைக்கட்டின் ஓரமாக வளைந்து ஏறி இறங்கும் காட்டுப் பாதை வழியே வருகிற பிரயாணிகளுக்கு, உலு யாம் என்றவுடன் அங்குள்ள சீனர் கடைகளின் லோ மீ நினைவுக்கு வருவது இயல்பு. எனக்கு அவ்வூர்ப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நினைவில் வந்து நிற்பது, ஒரு சனிக்கிழமை மாலை மழை ஓய்ந்த நேரத்தில், தேநீர்க் கடை ஒன்றின் தகரக் கூரையின் கீழ் மூன்று தலைமுறையினர் கூடி உட்கார்ந்து சினிமாவைப் பற்றி நிகழ்த்திய சம்பாஷணைதான்.

முதல் நாள் இரவு டவுனுக்குப் போய் சூப்பர் ஹீரோ படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்த இளைஞன் ஒருவன், வானம் பிளந்த விதத்தையும் கட்டடங்கள் சரிந்த விதத்தையும், சரிந்த கட்டடத்தைக் கதாநாயகன் ஒற்றைத் தோளில் தாங்கிய விதத்தையும் வாயாலும் கையாலும் விவரித்துக்கொண்டிருந்தான். நாற்பது வருஷம் பால் மரம் வெட்டி ஓய்ந்த அவனுடைய பாட்டி, தேநீரைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே, அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி ஐயா, கதை என்னா?” என்றார்.

“கதைதான பாட்டி இவ்வளவு நேரம் சொன்னேன்?”

“நீ சண்டையில்ல சொன்ன.”

பாட்டியின் இந்த இரண்டு வாக்கியங்களில் ஒரு பெரிய ரசனை மரபே அடங்கியிருப்பதாக எனக்கு அப்போது தோன்றியது; இப்போதும் அந்த அபிப்பிராயம் மாறவில்லை.

வட சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களில் அந்நாளில் படம் பார்ப்பது எப்படி நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கே ‘கதை என்னா?’ என்ற அந்தக் கேள்வியின் கனம் புரியும். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு நடுவே உள்ள திடலில் இரண்டு கழிகளை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டியிருப்பார்கள்; ஜனங்கள் சாயங்காலமே பாயைப் போட்டு இடம் பிடித்துக்கொள்ள, இருட்டியதும் படக்காரர் தம் யந்திரத்தை ஓட்டத் தொடங்குவார். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணியின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பின்பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு எழுத்தெல்லாம் தலைகீழ் வரிசையில் ஓடும், எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார். தாம் பார்த்த படங்களில் பாதியைப் பின்பக்கத்திலிருந்தே பார்த்ததாகவும், வாள் எந்தக் கையில் இருந்தால் என்ன, வசனம் ஒன்றுதானே என்றும் அந்தப் பாட்டி சொன்னார்.

யந்திரம் ஒன்றே ஒன்று இருந்தபடியால், ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருளை மாட்டும் வரையில் படம் நின்றுவிடும். 16 மில்லிமீட்டர் படத்தின் 1,600 அடிச் சுருள் ஏறத்தாழ 44 நிமிஷம் ஓடக்கூடியது. மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று முறையாவது திரை வெறுந்துணியாகிவிடும். அந்த இடைவெளியில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடலை மென்றுகொண்டு, இனி என்ன நடக்கும், அண்ணன் செய்தது நியாயமா, அந்த அத்தைக்காரிக்கு என்ன கேடு வரும் என்றெல்லாம் திடல் முழுவதும் தர்க்கம் நடக்கும். திரையில் அடுத்த சுருள் விழும்போது அவர்கள் பார்வையாளராக மட்டும் இருப்பதில்லை; ஆளுக்கொரு தீர்ப்பைக் கையில் வைத்திருந்த பஞ்சாயத்தாராக மாறியிருப்பார்கள்.

ஆயினும் உண்மையான ரசனை மறுநாள் காலையில்தான் ஆரம்பிக்கும். நள்ளிரவு வரை படம் பார்த்தவர்கள் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்று, தத்தம் நிரைக்குப் பிரிந்து, மரம் மரமாக உளி போட்டு முடித்த பிறகு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டி நிறையும் வரையில் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பசியாறுவதற்கென்று மரத்தடியில் கூடுகிற அந்த நேரத்தில், கைக்குழந்தையோ காய்ச்சலோ காரணமாக முதல் நாள் இரவு வர இயலாமற் போனவளுக்குப் படம் பார்த்தவள் கதை சொல்வாள். அது சாமானிய வித்தை அன்று. எந்தக் காட்சியை நீட்டுவது, எதை ஒரே வார்த்தையில் தாண்டுவது, கேட்கிறவளின் கண்ணில் நீர் தளும்பும் சமயத்தில் எங்கே நிறுத்தி ஒரு வாய் ரொட்டியைக் கடிப்பது என்பதையெல்லாம் அறிந்த கதைசொல்லிகள் தோட்டத்துக்கு ஒருவர் இருவர் இருந்தனர். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிவைத்துக் கம்பன் கவியை மறுபடியும் மறுபடியும் சொல்லிச் சொல்லி அநுபவித்தார் என்று படிக்கிறோம். கல்கி, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனின் ‘ஆடல் பாடல்’ பகுதியில் எழுதி எத்தனையோ பேருக்குக் கலையை ரசிக்கக் கற்றுக்கொடுத்தார் என்றும் அறிகிறோம். படிப்புக்கு வழியில்லாமல் போன இந்தப் பெண்கள், ரப்பர் மரத்தடியில் செய்ததும் அதே காரியம்தான் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

அவர்கள் வசம் ஓர் உரைகல் இருந்தது. மரத்தடியில் திருப்பிச் சொல்லும்போது எது நிற்கிறதோ அதுவே படம். சொல்ல வராமல் கரைந்து போவது வெறும் வெளிச்சம்.

1961-இல் ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ அந்த உரைகல்லில் எப்படி நின்றது என்பதைப் பாட்டி சொல்லக் கேட்க வேண்டும். தாய் தந்தையற்ற அண்ணனும் தங்கையும். ஆலைத் தொழிலாளியான அண்ணனுக்கு வேலை போன சமயத்தில், பொம்மை செய்து சேர்த்த பணத்தைத் தங்கை எடுத்துக் கொடுக்கிறாள். அந்தப் பணத்தில் முளைத்த செல்வமே பின்னால் அவர்களைப் பிரிக்கிறது. அண்ணனாக நடித்த சிவாஜி கணேசனின் உரத்த நடிப்பைப் பற்றி இன்று பலர் பேசுகிறார்கள். பாட்டியோ, தங்கையாகப் பேசாமல் நிற்கும் சாவித்திரியின் முகத்தைப் பற்றியே அதிகம் சொன்னார். தீபாவளி நாளில் தங்கையின் குழந்தையை வெடியிலிருந்து காப்பாற்றப் போய் அண்ணன் கண்ணிழப்பதையும், இறுதியில் குருடனாகத் தங்கையின் கையைத் தேடிப் பிடித்து, சிறுவயதில் சொன்ன குழந்தைப் பாட்டை அவன் சொல்வதையும் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்தக் கையைப் பிடிக்கும் இடத்துக்கு வந்ததும் தம் இடது கையை வலது கையால் பற்றிக்கொண்டு சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டார்.

அந்த மௌனத்துக்குக் காரணம் படத்துக்கு வெளியிலும் உண்டு. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிப் பத்திரம் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தமிழர்கள் பிழைக்க வழியின்றித் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். அண்ணன் ரஜூலா கப்பலில் ஏற, தங்கை துறைமுகத்தில் நிற்க, அதற்குப்பின் கடிதத்தில் மட்டும் உறவு நீடித்த குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றிரண்டல்ல. பாட்டியின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். இந்த மக்களிடம் ‘பாசமலர்’ மிகைப்பட்ட சோக நாடகம் என்று சொல்ல எனக்கு நாவெழாது.

ஆனால் பழையவை எல்லாம் உயர்ந்தவை, புதியவை எல்லாம் வெற்று ஆரவாரம் என்று சாதிப்பது என் உத்தேசம் அன்று. பழைய சமூகப் படங்களில் கதையோடு ஒட்டாத ஹாஸ்யப் பகுதிகள் எத்தனை! கதை நகராமல் நிற்க, வசனம் மட்டும் பக்கம் பக்கமாக ஓடிய படங்கள் எத்தனை! அவற்றைக் கதைசொல்லிகளே ஒரே மூச்சில் தாண்டிவிட்டார்கள். பிரம்மாண்டமும் குற்றமல்ல. 1948-இல் வந்த ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை இன்றும் வாயால் சொல்ல முடிகிறதென்றால், அந்த ராட்சத முரசுகளுக்குள்ளே வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்ற ரகசியம் அந்தப் பிரம்மாண்டத்துக்குள்ளேயே இருப்பதுதான் காரணம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது வியப்பாகிய மருட்கைக்கும் ஓரிடம் கொடுத்தார். வீரத்தைக் குறிக்கும் பெருமிதத்துக்குக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்று நான்கு ஊற்றுகளையும் காட்டினார். என்னை மிகவும் கவர்வது அந்த நான்காவது. கொடுப்பதும் வீரம் என்கிறார் அவர். பறக்கிறவனையும் மலையைப் புரட்டுகிறவனையும் கண்டு நாம் மருளலாம். அவன் தன்னுடையது எதையாவது கொடுக்கும்போதுதான் நம் உள்ளத்தில் பெருமிதம் பிறக்கிறது. ‘பாசமலர்’ அண்ணன் தன் கண்களைக் கொடுத்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான், இளைஞன் தன் செல்பேசியில் காட்டிய ஒரு படத்தைப் பற்றி அன்று நடந்த பேச்சை நான் கவனித்தேன். அது சாம் ரெய்மி 2004-இல் எடுத்த ‘ஸ்பைடர்மேன் 2’. கதாநாயகனை வளர்த்தவள் மே என்னும் கிழவி என்று அவன் சொன்னவுடன் பாட்டி இடைமறித்தார்.

“அவ என்னாடா முறை? அத்தையா, சின்னம்மாவா?”

“ஆன்ட்டி, பாட்டி.”

“ஆன்ட்டின்னா? அவ வீட்டுக்காரரு இவனுக்கு யாரு?”

இளைஞன் தேடிப் பார்த்து, கதாநாயகனின் தகப்பனாருக்கு அவர் அண்ணன் என்று கண்டுபிடித்துச் சொன்னான். “அப்ப பெரியம்மா” என்று தீர்த்துவைத்த பிறகே பாட்டி மேற்கொண்டு கேட்கச் சம்மதித்தார். முறை தெரியாமல் கடமை தெரியாது, கடமை தெரியாமல் துயரத்தின் அளவு தெரியாது என்னும் கணக்கு அது. ஆங்கிலப் படம் சொல்லாமல் விட்டதைத் தமிழ் ரசிகை கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெரியம்மா என்று ஆனதும் அந்தப் படமே வேறாகிவிட்டது. வங்கிக் கடன் கிடைக்காமல் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையிலும், பிறந்தநாளுக்கென்று பிள்ளையின் கையில் பணத்தைத் திணிக்கிறாள் அந்தப் பெரியம்மா. பெரியப்பாவின் மரணத்தில் தன் பிழையும் உண்டு என்று பிள்ளை ஒரு நாள் மேசைக்கெதிரே உட்கார்ந்து ஒப்புக்கொள்கிறான். அவள் அழவில்லை, சபிக்கவில்லை. அவன் கையைத் தொட்டிருந்த தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டு, எழுந்து, படியேறிப் போய்விடுகிறாள். அந்தக் கை விலகும் க்ஷணத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாவித்திரியின் மௌனத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது அது. பின்னர் ஓடும் ரயிலைத் தன் உடம்பைக் கொடுத்து நிறுத்திவிட்டு அவன் மூர்ச்சையாகிச் சாய, பிரயாணிகள் அவனைத் தலைக்குமேல் ஏந்தி, கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகமூடி கழன்ற முகத்தைப் பார்க்கிற ஒருவர், தம் மகன் வயதுகூட இருக்காதே என்று திகைக்கிறார். ரயிலை நிறுத்திய சாகசத்தைச் சொன்னபோது அசையாத பாட்டி, இந்த இடத்தில் “ஐயோ, பச்சப்புள்ள” என்றார்.

அண்மைக் காலத்துத் தென்னாட்டுப் படங்களில் இரண்டு இந்த உரைகல்லில் நன்றாகவே நிற்கின்றன. 2021-இல் பேசில் ஜோசப் மலையாளத்தில் எடுத்த ‘மின்னல் முரளி’யில், ஒரே மின்னல் ஊரில் இருவர்மேல் விழுகிறது, ஒருவன் காவலனாகிறான், மற்றவன் அழிப்பவனாகிறான். மரத்தடியில் சொல்வதற்கென்றே செய்ததுபோன்ற கதைக்கரு. அந்த மற்றவனாக, ஊரே ஏளனம் செய்யும் தேநீர்க் கடைப் பணியாளாக, ஒரு பெண்ணுக்காக இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தவனாக நம் குரு சோமசுந்தரம் நடித்திருப்பது, இந்த வகைப் படங்களில் நான் கண்ட நடிப்புகளிலெல்லாம் தலையாயது. மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ 2023-இல் வந்தது. குடிசைப் பகுதியிலிருந்து பெயர்த்து அடுக்கு மாடியில் குடியமர்த்தப்பட்ட ஏழைக் குடும்பம், தொட்டால் உதிரும் சுவர், கையோடு வரும் கதவுக் கைப்பிடி, எதையும் சகித்துப் போகும் கோழை மனம் படைத்த ஓவியன், அவன் காதில் மட்டும் ஒலிக்கும் வீரக் குரல். தோட்டம் துண்டாடப்பட்டபின் லயத்து வீட்டை விட்டு மலிவு விலை அடுக்கு வீடுகளுக்குப் போன ஜனங்களுக்கு அந்தச் சுவரை யாரும் விளக்க வேண்டியதில்லை. கூட இருந்த நடுவயதுக்காரர் ஒருவர், விரலால் மேசையைச் சுரண்டிக் காட்டி, “எங்க வீட்டுச் செவுரு அண்ணே, அப்படியே” என்றார்.

அந்த உரைகல்லில் நிற்க முடியாதவையும் உண்டு. 2019-இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுவது, ஒன்றையொன்று தொடரும் ஒரு படவரிசையில் இருபத்திரண்டாவது படம். முந்தைய படங்களைப் பார்த்து வளர்ந்த பேரனுக்கு அதன் இறுதி உயிர்த்தியாகம் கண்ணீரை வரவழைத்ததில் வியப்பில்லை, அவனுக்கு அவர்கள் பதினோரு வருஷத்துப் பழக்கம். ஆனால் புதிதாக வருகிறவருக்கு அதைச் சொல்லப் புகுந்தால் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மங்கு நிறைந்துவிடும்.

இருட்டும் வேளையில், முதல் நாள் இரவு பார்த்த படத்தை அந்த இளைஞன் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். கட்டடம் சரிந்ததை விட்டுவிட்டு, கட்டடத்துக்குள் இருந்தவர்களில் கதாநாயகனுக்கு வேண்டியவர் யார் என்பதிலிருந்து ஆரம்பித்தான். நடுவே ஓரிடத்தில் நிறுத்தி, தேநீரை ஒரு மிடறு குடித்தான். பாட்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தோட்டத்துத் திடலில் பாய் விரித்துப் படம் பார்த்த முதியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரத்திலேயே ஒரு மாலையை ஒதுக்கி, அவர் பார்த்த ஏதாவதொரு படத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கு நீங்கள் பார்த்ததை அவருக்குச் சொல்லுங்கள். அப்படிக் கதை சொல்லத் தெரிந்தவர்கள் உலு யாம் பக்கத்தில் இப்போது விரல் விட்டு எண்ணும்படியாகவே இருக்கிறார்கள்.