அழுத்தாத கை

இரட்டை விளிம்புப் பிளேட் பொருத்தும் பழைய உலோக ரேசரால் முகம் மழிக்கப் பழகுகிறவர் முதலில் கைவிட வேண்டியது அழுத்தத்தை. பிளாஸ்டிக் பிடியில் மூன்று, ஐந்து என அலகுகளை அடுக்கி விற்கப்படும் இன்றைய ரேசர்களின் தலை கன்னத்தின் வளைவுக்கேற்பத் தானே சுழன்று கொடுப்பதால், அவற்றை எவ்வளவு அழுத்தி இழுத்தாலும் பெரும்பாலும் தப்பிவிடலாம். உலோக ரேசரின் தலை அசையாது, அலகும் ஒன்றே என்பதால், கோணத்தைக் கை தர வேண்டும், எடையை மட்டும் கருவி தரும். இந்தப் பங்கீட்டை உணராமல் எடையையும் கையே தர முற்படும்போதுதான் கழுத்தில் கோடுகள் விழுகின்றன.

கருவியின் அமைப்பு எளியது. மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என மூன்று துண்டுகளாகக் கழலும் அதில், ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்பே உள்ள பிளேட்டை மூடிக்கும் தட்டுக்கும் நடுவே வைத்துக் கைப்பிடியைத் திருகினால், பிளேட் வில்லாக வளைந்து விறைத்துக்கொள்கிறது. இந்த வளைவு இல்லாவிட்டால் அவ்வளவு மெல்லிய உருக்கு ரோமத்தில் படும்போது அதிரும். அடித்தட்டின் ஓரத்தில் ஓடும் காப்புச் சட்டம் அலகுக்கு முன்னே சென்று தோலை நீவிச் சமப்படுத்துகிறது. சட்டத்துக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள வெளியை இடைவெளி என்றும், மூடியையும் சட்டத்தையும் தொட்டுச் செல்லும் கற்பனைத் தளத்துக்கு வெளியே அலகு எட்டிப் பார்க்கும் அளவை வெளிப்பாடு என்றும் கூறலாம். இவ்விரண்டும் குறைந்த ரேசர் சாதுவானது, மிகுந்தது முரடானது. சட்டத்துக்குப் பதிலாகச் சீப்புப் பற்கள் கொண்ட ரேசரும் உண்டு. பார்வைக்கு அது கம்பீரமானதே, ஆயினும் பல நாள் வளர்ந்த தாடிக்கு உரிய அந்தக் கருவியைத் தொடக்கக்காரர் கையில் எடுப்பதற்கு அவசியம் எதுவும் இல்லை.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கத்தித் தொழிலாளர் ஷான்-ஷாக் பெரே சவரக் கத்திக்கு மரக் காப்பு அமைத்ததும், 1880ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் காம்ஃபே சகோதரர்கள் கம்பிக் காப்புடைய ரேசர் செய்ததும் இந்தக் கருவியின் முன்கதைகள். அவற்றின் அலகைத் தீட்டித் தீட்டியே பயன்படுத்த வேண்டியிருந்தது. தீட்டவே தேவையில்லாத, மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய அலகு என்ற எண்ணம் போத்தல் மூடி விற்பனையாளராக இருந்த கிங் கேம்ப் ஜில்லெட்டுடையது. தகட்டைப் போன்ற உருக்கை வளையாமல் கடினப்படுத்தும் வழியைக் கண்டு அந்த எண்ணத்தைப் பொருளாக்கியவர் பொறியியலாளர் வில்லியம் நிக்கர்சன். 1903இல் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேட்களுமே. காப்புரிமை 1904 நவம்பரில் கிடைத்தது. முதலாம் உலகப் போரில் இந்த ரேசர் அமெரிக்கப் படையினருக்கு இலட்சக்கணக்கில் வழங்கப்பட்ட பின் சலூன் நாற்காலிக்குரிய வேலை வீட்டுக் கண்ணாடி முன் வந்து சேர்ந்தது. சலூனும் அந்தப் பிளேட்டை விட்டுவிடவில்லை. நெடுங்கத்தியின் வடிவிலான பிடிக்குள் அதே பிளேட்டின் பாதியை முறித்துச் செருகி, வாடிக்கையாளருக்கு ஒரு புதுப் பாதி என மழிக்கும் வழக்கம் இலங்கையிலும் தமிழகத்திலும் இன்று பரவலாக உள்ளது.

அலகைப் பற்றி இவ்வளவு சொல்லப்பட்டாலும், நல்ல சவரத்தின் பாதி நீரில் இருக்கிறது. உலர்ந்த ரோமம் விறைப்பானது. சில நிமிடங்கள் வெந்நீரில் ஊறியதும் நீரை உள்வாங்கி மென்மையாகி, அதை வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறைகிறது. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1930களில் உருவாக்கிய, உலர் மின்கலத்தில் ஓடும் ‘ரசாந்த்’ சவரக்கருவி நீரையே தேவையற்றதாக்க முயன்றது. பொறியியலாக அது வியக்கத்தக்கது, ஆனால் இங்கே பேசப்படும் சுவைக்கு அது வேறு உலகம். ரோமத்தை ஊறவைக்கும் நீர் எத்தகையது என்பதும் முக்கியமானது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீரைக் கடின நீர் என்பர். அந்த உப்புகள் சவர்க்காரத்தின் கொழுப்பமிலத்தைப் பற்றிக்கொண்டு, நுரையாக வேண்டியதைக் கரையாத வெண்படிவாக மாற்றிவிடுகின்றன.

இதைக் கையால் உணர்ந்து கற்பதற்கு இலங்கையின் மாத்தளை மாவட்டத்தைப் போன்ற இடம் அரிது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில் மாத்தளை நகரிலிருந்து நாவுல வழியாகத் தம்புள்ளைக்கு ஏறக்குறைய 45 கிலோமீற்றர் போவதற்குள், ஈரமலைச் சரிவு முடிந்து உலர்வலயம் தொடங்கிவிடுகிறது. இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓடைகளிலிருந்து தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு இறங்கும் பீலித் தண்ணீர் பொதுவாக மென்மையானது; மழைநீர் பாறையில் நெடுநேரம் தங்காமல் ஓடி வருவதால் உப்பை அதிகம் கரைத்துக்கொள்வதில்லை. அந்த நீரில் பிரஷைச் சற்று நனைத்துச் சவர்க்காரத்தில் சுழற்றினாலே தடித்த, மினுங்கும் நுரை எழும். தம்புள்ளை, கலேவெலப் பகுதிக் கிணறுகளில் பல கடின நீர் தருபவை. அங்கே அதே சவர்க்காரம் இரு மடங்கு தேய்த்தும் ஒட்டிய பாலாடை போல் முகத்தில் அப்பிக்கொண்டு காய்ந்துவிடக்கூடும். மலைக்கு மென்னீர், சமவெளிக்குக் கடின நீர் என்று இதை விதியாக்கிவிடவும் முடியாது. மாத்தளை நிலத்தடியில் படிகச் சுண்ணக்கல்லும் டொலமைட்டும் பட்டைகளாக ஓடுவதால், அடுத்தடுத்த இரு ஊர்களின் கிணறுகளே வேறுபடலாம். கேத்தலின் உட்புறத்தில் வெண்படிவு கட்டுகிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை.

கடின நீருள்ள ஊரில் சேமித்த மழைநீர் ஒரு குவளை போதும், முழுச் சவரமும் நடந்துவிடும். கொதிக்கவைப்பது தற்காலிகக் கடினத்தன்மையை, அதாவது கொதியில் படிந்துபோகும் இருகாபனேற்று உப்புகளால் வருவதை மட்டுமே போக்கும். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் கடின நீரிலும் சட்டென நுரைப்பதால் அதுவே சிறந்தது என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அதன் நுரை பெருங்குமிழியாகப் பொங்கி விரைவில் அடங்கிவிடுகிறது. சவரத்துக்கென்றே செய்யப்படும் சவர்க்காரத்தில் ஸ்டீயரிக் அமிலம் மிகுதியாகவும், பொட்டாசியக் காரம் சோடியக் காரத்தோடு கலந்தும் இருப்பதால், குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்து, நுரை பல நிமிடங்கள் ஈரத்தைப் பிடித்து நிற்கிறது. நுரையின் உயரத்தை விட அதன் வழுக்கலே மதிக்கத்தக்கது.

மழிப்பதற்கு முன் உலர்ந்த கன்னத்தையும் கழுத்தையும் விரலால் எல்லாத் திசைகளிலும் வருடி, ரோமம் எந்தப் பக்கம் படுகிறது என்று அறிந்துகொள்வது நல்லது. கழுத்தில் அது மேல்நோக்கியோ, காதுப் பக்கமாகவோ, சுழியாகவோ கூட வளர்ந்திருக்கும். ரேசரின் மூடி கன்னத்தில் படும்படி பிடியைக் கிடையாக வைத்து, அலகு தோலைத் தொடும் வரை பிடியை மெல்லத் தாழ்த்தினால், ஏறத்தாழ 30 பாகை என்று சொல்லப்படும் கோணம் தானே கிடைக்கும். அங்கிருந்து ஓரிரு சென்ரிமீற்றர் அளவே உள்ள சிற்றிழுப்புகளாக, மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்து, முதல் சுற்றில் ரோமத்தின் போக்கிலும், மீண்டும் நுரை பூசி இரண்டாம் சுற்றில் அதற்குக் குறுக்காகவும் மழிக்க வேண்டும். எதிர்த்திசையிலான மூன்றாம் சுற்று ஆடம்பரம். சுருள் ரோமம் உடையவர் அதைத் தவிர்ப்பதே மேல், ஏனெனில் தோலுக்குக் கீழ்வரை வெட்டப்பட்ட சுருள் ரோமம் வெளிவரும் வழியில் வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்து கட்டியாகலாம். பல அலகு ரேசர்கள் அவர்களுக்கு அடிக்கடி தரும் தொல்லையும் இதுவே. பழகிய கைக்குச் செவியும் துணை செய்கிறது: கோணம் சரியாக இருக்கையில் ரோமம் அறுபடும் மெல்லிய ஒலி கேட்கும், கோணம் தவறினால் அது மறைந்துவிடும்.

சவரக் கத்தியைப் பற்றிய மிகப் பழைய விதிகள் சில எழுத்துருப் பெற்ற இடமும் மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கிறது. மாத்தளை நகருக்கு வடக்கே ஏ9 வீதியோரம் உள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழி வந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது இலங்கைப் பௌத்த மரபு. அதன் ஒரு பகுதியான விநய பிடகம், அதாவது துறவியர் ஒழுக்க நூல், தலைமுடி இரண்டு மாதத்துக்கு மேல் அல்லது இரண்டு விரலளவுக்கு மேல் வளரக் கூடாது என்கிறது. தாடியை அழகுக்கு வடிவமைப்பதைத் தடுக்கிறது. கத்தி, தீட்டுகல், கத்தியுறை, கம்பளித் துண்டு ஆகியவற்றை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. முதற் பௌத்த சங்கத்தில் விநயத்தை ஒப்புவித்த உபாலி, துறவுக்கு முன் புத்தரின் குலத்தாரான சாக்கியரின் நாவிதராக இருந்தவர் என்பதை நினைத்தால், அந்தப் பட்டியலின் தொழில்நுட்பத் துல்லியம் வியப்பளிக்காது. முன்னாள் நாவிதரான துறவி நாவிதப் பெட்டியைச் சுமந்து திரியக் கூடாது என்ற விதியும் அதில் உண்டு. அப்பட்டியலில் ஜில்லெட்டின் பிளேட் விலக்கிவிட்டது தீட்டுகல்லை. தீட்டும் அறிவு அதனோடு வீட்டிலிருந்து மறைந்தது உண்மையில் ஓர் இழப்பே.

சவரம் முடிந்ததும் குளிர்நீரில் கழுவி, ஈரமுள்ள முகத்தில் சீனாக்காரக் கட்டியை ஒருமுறை வருடுவது பழைய வழக்கம். துவர்ப்புத் தன்மையால் சிறு கீறல்களின் கசிவை அது நிறுத்துகிறது. அதைவிட முக்கியமாக, எங்கே எரிகிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது என்று உடனே காட்டிக்கொடுக்கிறது. மாத்தளை வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்கள் இத்தருணத்துக்கு எண்ணெய்களும் களிம்புகளும் விற்கின்றன. உல்லாசப் பயணியின் காலில் முடி நீக்கும் களிம்பைத் தடவிக் காட்டும் வித்தையும் அங்கே உண்டு. வேடிக்கையாகப் பார்க்கலாம். ஆனால் அப்போதுதான் மழித்த தோலில் நேரடியாகக் கராம்பெண்ணெய் பட்டால் எரிச்சலே மிஞ்சும். கற்றாழைச் சாறு போதுமானது.

உருக்கை விடப் பல மடங்கு மென்மையான ரோமம் அலகை எப்படி மழுக்குகிறது என்ற கேள்விக்கு 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் விடை கண்டனர்: ரோமம் வளைந்து ஒரு பக்கமாகத் தாக்கும்போது, உருக்கின் நுண்ணமைப்பு சீராக இல்லாத புள்ளிகளில் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. ஊறி இளகிய ரோமம் இந்தச் சேதத்தையும் குறைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அலகு ரோமத்தைப் பிடித்து இழுப்பதாக முதல்முறை தோன்றும் அன்றே அதை மாற்றிவிட வேண்டும். பழையதை அதன் மெழுகுத்தாளிலேயே மடித்து, துளையிட்ட வெற்று டின் ஒன்றில் சேர்த்துவர வேண்டும். குப்பையில் தனியே கிடக்கும் பிளேட் முதலில் அறுப்பது அதை அள்ளுகிறவரின் விரலை.