திரும்பிப் போக மறுத்தவர்கள்: பிரிட்டிஷ் குற்ற எழுத்தும் நீதியும்

1990 பிப்ரவரி. இங்கிலாந்தின் வடகிழக்கில் பில்லிங்ஹாம் என்ற ஊர். ஆன் மிங் தன் மகள் ஜூலி ஹாக்கின் வீட்டுக் குளியலறையில் நின்றிருந்தார். 22 வயது ஜூலி காணாமல் போய் ஏறத்தாழ 80 நாள் ஆகியிருந்தது. சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு அவள் சொல்லாமல் கொள்ளாமல் போகிறவள் அல்ல என்று ஆன் முதல் நாளிலிருந்தே போலீசாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போலீசாரோ அந்த வீட்டைப் பல நாள் சோதித்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குளியல் தொட்டியின் பக்கப் பலகையிலிருந்து நாற்றம் வந்தது. பலகையை நகர்த்திப் பார்த்தவர் தாய்தான். மகளின் உடல் அதற்குப் பின்னால் இருந்தது.

வழக்கு நடந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பில்லி டன்லப் மீது 1991இல் இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரிகளால் ஒத்த முடிவுக்கு வர முடியவில்லை, அவர் விடுதலையானார். வேறொரு குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோது, 1999இல், கொன்றது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால், ஒருமுறை விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக் கூடாது என்பது இங்கிலாந்தில் ஏறக்குறைய 800 ஆண்டு பழைய விதி. பொய்ச் சாட்சி சொன்னதற்கு மட்டும் அவருக்கு ஆறு ஆண்டு கிடைத்தது. கொலைக்கு ஒன்றுமில்லை.

ஆன் மிங் சட்டம் படித்தவர் அல்ல, மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அமைச்சர்களைப் பார்த்தார், எழுதினார், பேசினார், பிரபுக்கள் சபை வரை போனார். 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் அந்த விதியைத் தளர்த்தியது. புதிய, வலுவான சான்று இருந்தால் கொடுங்குற்றங்களில் மறுவிசாரணை நடத்தலாம் என்று ஆனது. 2006இல் அதன்கீழ் தண்டனை பெற்ற முதல் மனிதர் டன்லப்.

பிரிட்டிஷ் குற்ற எழுத்தைப் பற்றிய கட்டுரையை இந்தத் தாயிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாட்டில் குற்றத்தைப் பற்றி எழுதுவது ஒரு பெரிய மரபு. நெடுங்காலம் அந்த மரபில் இப்படிப்பட்ட தாய்க்கு இடமில்லை.

தாமஸ் டி குவின்சி 1827இல் கொலையை நுண்கலைகளில் ஒன்றாகப் பாவித்து அங்கதக் கட்டுரை எழுதினார். 1905இல் தொடங்கிய ‘நோட்டபிள் பிரிட்டிஷ் ட்ரையல்ஸ்’ வரிசை, பெரிய வழக்குகளின் நீதிமன்ற நடவடிக்கைகளைச் சிவப்பு அட்டைத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்துகொண்டு செய்தித்தாளில் கொலைச் செய்தி படிக்கும் இன்பத்திலிருந்து தொடங்குகிறது. ஆர்வெல் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. அந்தக் கட்டுரை ஒரு சமூகத்தின் பாசாங்கை நன்றாகவே திறந்து காட்டுகிறது. ஆனாலும் அதில் வரும் விஷம் வைத்தவர்களின் பட்டியலைப் படித்து முடித்த பிறகு, விஷம் உண்டவர் ஒருவரின் முகமும் மனத்தில் நிற்பதில்லை.

இன்னொரு கிளையும் அப்போதே முளைத்திருந்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் அதை நட்டவர்களில் ஒருவர். பர்மிங்ஹாமில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் எடல்ஜி, பம்பாயிலிருந்து போய் ஆங்கிலிக்கன் பாதிரியாரான பார்சி ஒருவரின் மகன். கிரேட் வைர்லி கிராமத்தில் இரவில் குதிரையைக் குத்திக் கிழித்தார் என்று 1903இல் ஏழாண்டுத் தண்டனை. அவரை நேரில் பார்த்த டாயில், கடுமையான கிட்டப்பார்வை உள்ள இந்த மனிதர் இருட்டில் வயல் கடந்து போய் இதைச் செய்திருக்க முடியாது என்று முடிவு கட்டி, 1907இல் செய்தித்தாளில் எழுதினார். மன்னிப்பு கிடைத்தது, இழப்பீடு கிடைக்கவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறந்தது. இந்த வழக்கு கிளப்பிய கோபமும் அதற்கு ஒரு காரணம். அடுத்து, கிளாஸ்கோ கொலை வழக்கு ஒன்றில் 1909இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்ட ஆஸ்கர் ஸ்லேட்டருக்காக டாயில் 1912இல் ஒரு சிறு நூல் எழுதினார். ஸ்லேட்டரின் தண்டனை 1928இல்தான் ரத்தானது.

எழுத்தாளர் சுட்டிக்காட்டுவார், குடும்பம் விடாமல் தட்டும், அரசு கடைசியில் கதவைத் திறக்கும். இந்த வரிசை அதன்பிறகு பலமுறை திரும்பி வந்திருக்கிறது. லண்டன் ரில்லிங்டன் பிளேஸ் 10ஆம் எண் வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் கொல்லப்பட்ட வழக்கில், குழந்தையைக் கொன்றதாக டிமதி எவான்ஸ் 1950 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எழுதப் படிக்கவே சரியாகத் தெரியாது. அவருக்கு எதிரான முக்கியச் சாட்சி, அதே வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்று ஆண்டு கழித்து அந்த வீட்டிலும் தோட்டத்திலும் பெண்களின் உடல்கள் கிடைத்தன, கிறிஸ்டியும் தூக்கிலேறினார். லுடோவிக் கென்னடி 1961இல் எழுதிய ‘டென் ரில்லிங்டன் பிளேஸ்’, எவான்ஸுக்கு இழைத்த அநீதியை வரிவரியாகப் பிரித்து வைத்தது. 1966இல் இறந்தவருக்கு அரச மன்னிப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பிரிட்டனில் கொலைக்குத் தூக்கு நிறுத்தப்பட்டிருந்தது.

19 வயது டெரக் பென்ட்லி 1953 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். கிராய்டனில் ஒரு கிடங்கின் கூரைமேல் காவலரைச் சுட்டது அவருடன் போன 16 வயதுச் சிறுவன். சகோதரி ஐரிஸ் அன்றிலிருந்து நாற்பது ஆண்டுக்கு மேல் அவருக்காக அலைந்தார். 1998 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்தபோது ஐரிஸ் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டுத் தொடக்கத்தில் காலமாகிவிட்டார்.

யார்க்ஷயர் கொலைகள் இந்தத் துறையின் மாறாத வடு. 1975 முதல் 1980 வரை பீட்டர் சட்கிளிஃப் 13 பெண்களைக் கொன்றார். அந்த இடைவெளியில் போலீசார் அவரை ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டார்கள். 1979 ஜூனில் ஒரு ஒலிநாடா வந்தது, நான்தான் கொலைகாரன் என்று. பேசியவரின் உச்சரிப்பு வியர்சைடு பகுதியைச் சேர்ந்தது. அது போலி. ஆனால் தலைமை அதிகாரிகள் நம்பினார்கள். அந்த உச்சரிப்பு இல்லாதவர்கள் சந்தேக வளையத்திலிருந்து நழுவினார்கள். நாடா வந்த பிறகு மேலும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். நாடாவை அனுப்பியவர் 2005இல், உறையில் இருந்த மரபணுத் தடயத்தால் பிடிபட்டு, 2006இல் எட்டாண்டுச் சிறை பெற்றார்.

இந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கோர்டன் பர்ன் 1984இல் எழுதிய நூலை மொழிக்காகப் பலரும் போற்றுவார்கள். கொலைகாரரின் ஊரிலேயே போய்த் தங்கி, அந்தக் குடும்பத்தின் பேச்சு, குடி, மௌனம் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். அது பெரிய எழுத்துதான். ஆனால் எனக்கு அதைவிட அவசியமாகப் படுவது, அப்போது இளம் செய்தியாளராக இருந்த ஜோன் ஸ்மித் 1989இல் ‘மிஸாஜினீஸ்’ நூலில் எழுதிய கட்டுரை. இறந்த பெண்களை ஒழுக்கமானவர்கள், ஒழுக்கமில்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்த போலீஸ் மனம்தான் கொலைகாரனைத் தப்பவிட்டது என்கிறார் அவர். பாலியல் தொழில் செய்ததாகச் சொல்லப்பட்டவர்கள் செத்தபோது ஊர் பதறவில்லை. 1977இல் 16 வயது ஜெயின் மெக்டொனால்ட் கொல்லப்பட்ட பிறகே, அப்பாவிப் பெண் என்ற சொல் போலீஸ் வாயில் வந்தது. அப்படியானால் அதற்கு முன் செத்தவர்கள் யார்? 1975 அக்டோபரில் கொல்லப்பட்ட வில்மா மெக்கான் நான்கு பிள்ளைகளின் தாய். மகன் ரிச்சர்டுக்கு அப்போது வயது ஐந்து. அவர் வளர்ந்து தன் கதையை நூலாக எழுதினார். அம்மாவைப் பற்றி அன்று சொன்ன வார்த்தைகளுக்கு மன்னிப்புக் கேளுங்கள் என்றார். 2020 நவம்பரில் வெஸ்ட் யார்க்ஷயர் போலீஸ் மன்னிப்புக் கேட்டது, 45 ஆண்டு கழித்து.

கடைசியாகக் கொல்லப்பட்ட மாணவி ஜாக்குலின் ஹில்லின் தாயார், போலீசின் கவனக்குறைவே மகளின் சாவுக்குக் காரணம் என்று வழக்குத் தொடுத்தார். 1988இல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளியது. குற்றவாளியைப் பிடிக்கத் தவறியதற்காகப் போலீசிடம் இழப்பீடு கேட்க முடியாது என்றது. பல ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு ஒரு சுவராக நின்றது. லண்டன் டாக்சி ஓட்டுநர் ஜான் வோர்பாய்ஸ் மயக்க மருந்து கொடுத்துச் சீரழித்த பெண்களில் இருவர், புகாரைப் போலீஸ் சரியாக விசாரிக்கவில்லை என்று மனித உரிமைச் சட்டத்தின்கீழ் போராடி 2018இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். பழைய சுவர் இடிந்துவிடவில்லை, ஆனால் பக்கத்தில் ஒரு வாசல் திறந்தது. அதே ஆண்டு, அந்த ஆளை விடுவிக்கப் பரோல் வாரியம் எடுத்த முடிவையும் பாதிக்கப்பட்ட பெண்களே நீதிமன்றத்தில் உடைத்தார்கள்.

ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கைத் தமிழ் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டன் எல்தமில் பஸ்ஸுக்குக் காத்திருந்த 18 வயதுக் கறுப்பின மாணவனை வெள்ளையின இளைஞர் கும்பல் குத்திக் கொன்றது. சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்கள் ஒரே நாளில் போலீசுக்கு வந்துவிட்டன. உடனே கைது நடக்கவில்லை. கூட நின்ற நண்பரைச் சாட்சியாக நடத்தாமல் சந்தேகத்தோடு நடத்தினார்கள். பெற்றோர் டோரீனும் நெவிலும் சொந்தமாகத் தொடுத்த வழக்கும் 1996இல் விழுந்தது. 1999இல் வெளிவந்த மெக்ஃபர்சன் அறிக்கை, லண்டன் போலீசின் அமைப்புக்குள்ளேயே இனவெறி இருக்கிறது என்று எழுதியது. விடுவிக்கப்பட்டவர்களை மறுபடி விசாரிக்க வழி தேடுமாறும் அதன் 70 பரிந்துரைகளில் ஒன்று கேட்டது.

பில்லிங்ஹாம் தாயின் போராட்டமும் எல்தம் தாயின் போராட்டமும் இங்கே சேர்கின்றன. கேரி டாப்சன் என்பவர் 1996 வழக்கில் விடுவிக்கப்பட்டவர். பழைய விதி நீடித்திருந்தால் அவரைத் தொட்டிருக்க முடியாது. அவருடைய மேல்சட்டையின் கழுத்துப்பட்டியில் அரை மில்லிமீட்டர் அளவே இருந்த ரத்தத் துளி, புதிய ஆய்வில் ஸ்டீபனுடையது என்று தெரிந்தது. 2012 ஜனவரியில் அவரும் டேவிட் நோரிஸும் தண்டிக்கப்பட்டார்கள். கும்பலில் மற்றவர்கள் இன்னும் தண்டனை பெறவில்லை.

எழுத்து இந்தக் குடும்பங்களிடமிருந்து தாமதமாகத்தான் பாடம் படித்தது. ஹாலி ரூபன்ஹோல்டின் ‘தி ஃபைவ்’ 2019இல் வந்தது. 1888இல் லண்டன் வைட்சாப்பலில் கொல்லப்பட்ட ஐந்து பெண்களின் வாழ்க்கை வரலாறு அது. கொலைகாரன் யார் என்ற ஆராய்ச்சி அதில் இல்லை, கொலைகளின் வர்ணனையும் இல்லை. பாலி நிக்கல்ஸ் எங்கே பிறந்தார், ஆனி சாப்மன் குடிக்கு எப்படிப் பலியானார், வீடில்லாத பெண்ணுக்கு அன்றைய லண்டனில் இரவு எப்படிப்பட்டது என்பதுதான் நூல். ஐவரில் மூவர் பாலியல் தொழில் செய்ததற்குச் சான்றே இல்லை என்கிறார். 130 ஆண்டு கழித்து ஒருவர் போய் ஆவணங்களைப் புரட்டித்தான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. 2025இல் அவர் எழுதிய அடுத்த நூல் கிரிப்பன் வழக்கைப் பற்றியது. ஆர்வெலின் பட்டியலில் இருக்கும் அதே கிரிப்பன். 1910இல் காணாமல் போன அவர் மனைவியை விடாமல் தேடி ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனவர்கள், அவருடைய இசைமேடைத் தோழியர்.

தொலைக்காட்சியிலும் இந்தத் திருப்பம் தெரிகிறது. யார்க்ஷயர் கொலைகளை வைத்து 2023இல் வந்த ‘தி லாங் ஷேடோ’ தொடர், கொலைகாரனுக்குப் பத்திரிகைகள் சூட்டிய பட்டப்பெயரைத் தலைப்பிலிருந்து விலக்கியது. 2025இல் ஆன் மிங்கின் கதையே தொடரானது. இவை நல்லவை. ஆனால் இன்றும் கொலைகாரனின் குழந்தைப் பருவத்தைத் துருவும் தொடர்கள்தான் அதிகம். அவற்றைப் பார்த்து முடித்தபின் செத்தவர் பெயர் ஒன்றாவது நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குற்ற நூலுக்கு நான் வைக்கும் சோதனை அது ஒன்றுதான்.

செய்யாத வன்புணர்வுக்காக 17 ஆண்டு சிறையிலிருந்த ஆண்ட்ரூ மால்கின்சனின் தண்டனை 2023 ஜூலையில் ரத்தானது. உதவக்கூடிய மரபணுச் சான்று பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. எடல்ஜி காலத்து நோய் தீர்ந்துவிடவில்லை. அந்த 17 ஆண்டும் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் நீதி கிடைத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உடல் எங்கே என்று சொல்ல மறுக்கும் கொலைகாரரைப் பரோலில் விடும்போது அந்த மறுப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற சட்டம் 2020இல் வந்தது. 1988இல் காணாமல் போன ஹெலன் மெக்கோர்ட்டின் பெயரால் அது அறியப்படுகிறது. அவர் தாய் மரீ பல ஆண்டு போராடிப் பெற்றது. ஹெலனைக் கொன்றவர் சட்டம் நிறைவேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வெளியே வந்துவிட்டார். உடல் கிடைக்கவில்லை.

1964 ஜூனில், கண்ணாடி உடைந்துபோனதால் அது இல்லாமலே பாட்டி வீட்டுக்குக் கிளம்பினான் 12 வயது கீத் பென்னட். அவனைக் கொன்ற இயன் பிராடியைப் பற்றியும் மைரா ஹிண்ட்லியைப் பற்றியும் எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. கீத்தின் தாய் வின்னி ஜான்சன், மகனை அடக்கம் செய்ய வேண்டும் என்று இருவரையும் கேட்டுக்கொண்டே இருந்தார். 2012 ஆகஸ்டில் இறந்தார். பிராடி 2017இல் இறந்தார். சாடில்வொர்த் மேட்டு நிலத்தில் 2022இலும் தோண்டினார்கள். கீத் இன்னும் கிடைக்கவில்லை.