முதலில் குதிரையேறியவர் யார்?

ராபர்ட் ட்ரூஸ் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஏர்லி ரைடர்ஸ்’ என்னும் ஆங்கில நூலின் மையவாதம் எளியது: குதிரைமீது ஏறுவது ஒன்று, ஏறியிருந்து போரிடுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நெடுங்காலம் கழிந்தது என்கிறார் அவர்.

இதற்கு வலுவான சான்று மோசுல் நகருக்கு அருகிலுள்ள நிம்ரூதில் கிடைத்தது. அசுர்நாசிர்பால் (கி.மு. 883–859) அரண்மனைப் புடைப்புச் சிற்பங்களில் குதிரைவீரர்கள் இணையாகவே காணப்படுகின்றனர். ஒருவன் வில்லை வளைக்கிறான்; பக்கத்துக் குதிரையில் இருப்பவன் இரு குதிரைகளின் கடிவாள வார்களையும் பற்றியிருக்கிறான். தேர்ப்பாகனும் வில்லாளியும் பகிர்ந்துகொண்ட வேலை அப்படியே குதிரை முதுகுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது, தேர்தான் இல்லை. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசுர்பானிபாலின் சிற்பங்களிலோ ஒரே வீரன் தன் குதிரையைத் தானே நடத்தியபடி அம்பெய்கிறான். அங்கவடி அப்போதும் இல்லை. குதிரைப்படை பிறந்தது கைகள் இரண்டும் விடுபட்ட அந்த இடைவெளியில்தான் என்பதை ஏற்பதில் நமக்குத் தடையில்லை.

ஆயினும் போரை மட்டுமே அளவுகோலாகக் கொள்வது குறையே. கி.மு. 18ஆம் நூற்றாண்டின் மாரி நகர மடல் ஒன்றில், மன்னர் ஸிம்ரி-லிம் குதிரையேறுவது தகாது, கோவேறு கழுதைகளே அவர் மதிப்புக்கு ஏற்றவை என்று அரண்மனை அதிகாரி அறிவுறுத்துகிறார். ஏறுவோர் இருந்ததால்தானே இவ்வறிவுரை! இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதைகள் வோல்கா–டான் புல்வெளியிலிருந்து ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவத் தொடங்கின என்னும் மரபணு ஆய்வு வெளிவந்தது 2021இல். ட்ரூஸ் அதை அறிந்திருக்க வழியில்லை.

நம் மேடைகளில் இவ்வினாவுக்கு ஆயத்த விடை ஒன்றுண்டு: முதலில் குதிரையேறியவர் இஸ்மாயீல் (அலை) அவர்கள். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னுல் கல்பி, குதிரைகளின் வம்சாவளி குறித்த தம் நூலில் பதிந்த செய்தி அது. குர்ஆன் வசனமன்று, வம்சாவளி அறிஞர் திரட்டிய மரபுச் செய்தி. அதைக் காலக்கணக்காக வாசித்து, அரபுகளே உலகுக்குக் குதிரையேற்றம் கற்பித்தனர் என்று முழங்குவோர், மூன்றாம் ஷல்மனேசரின் குர்க் கல்வெட்டைப் பார்க்க வேண்டும். கி.மு. 853இல் கர்கர் போரில் அவனை எதிர்த்த கூட்டணியில் திமஷ்க் மன்னன் 1,200 குதிரைவீரரையும் ஹமா மன்னன் 700 பேரையும் திரட்டினர் என்கிறது அது. அதே பட்டியலில் ‘அரபியனான ஜிந்திபு’ கொண்டுவந்தவை 1,000 ஒட்டகங்கள். அரபுகளைப் பெயர்சுட்டிக் கூறும் ஆவணங்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது இதுவே. அதில் அவர்களுடன் வருவது ஒட்டகம்.

இப்னுல் கல்பியின் அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. தம்மைக் காண வந்த அஸ்த் குலத்தாருக்கு சுலைமான் (அலை) அவர்கள் குதிரையொன்றை வழங்கினார்கள். அதிலேறி வேட்டையாடி வழியெல்லாம் பசியாறிய அவர்கள் அதற்கு ‘ஸாதுர் ராகிப்’, அதாவது பயணியின் கட்டுச்சோறு எனப் பெயரிட்டனர். அரபுகளிடையே பரவிய குதிரைகளுள் முதலாவது அதுவே. குதிரை தமக்கு வெளியிலிருந்து வந்த கொடை என்று அம்மரபே நினைவில் வைத்திருக்கிறது. அந்நினைவு அசீரியக் கல்வெட்டோடு முரண்படவுமில்லை. முதற்செய்தியை மேற்கோள் காட்டுவோர் இதை ஏனோ விட்டுவிடுகின்றனர்.