6,40,000 டன்: ஒரு எண்ணின் ஜாதகம்

கடலில் தொலைந்துபோகும் மீன்வலைகளைப் பற்றி எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதல் பத்தியிலேயே ஒரு எண் வந்து நிற்கும்: ஆண்டுக்கு 6,40,000 டன். தொண்டு நிறுவனங்களின் பிரசுரம், செய்தித்தாள், ஆய்வுக் கட்டுரை, எல்லாவற்றிலும் இதேதான். சரி, இந்த எண் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலோர் கைகாட்டுவது 2009-இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையை. ஆனால் அதன் ஆசிரியர்கள் சொன்னது, கடல் குப்பையில் கொள்ளளவின்படி 10 சதவீதத்துக்கும் குறைவானதே மீன்பிடிக் கருவிகள் என்ற ஒரு தோராயம். கடலுக்கு ஆண்டுதோறும் 64 லட்சம் டன் குப்பை போகிறது என்பது வேறொரு கணக்கு. அது அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி 1975-இல் போட்டது. 64 லட்சத்தில் 10 சதவீதம் 6,40,000. அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஒரு பெருக்கலில் எத்தனை ஓட்டை பாருங்க. "குறைவானது" என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. கொள்ளளவுக்கான சதவீதத்தை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். 1975 கணக்கில் பெரும்பகுதி சரக்குக் கப்பல்கள் கடலில் கொட்டிய குப்பை. கப்பல்கள் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடைசெய்யும் மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988 கடைசியில்தான் அமலுக்கு வந்தது. கெல்சி ரிச்சர்ட்சனும் அவரது சகாக்களும் 2021-இல் இந்த வம்சாவளியைத் தேடிப் பிடித்து, எண்ணுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனாலும் அது ஓய்ந்தபாடில்லை. எங்கள் தொழிலில், யாரோ எப்போதோ கோடில் ஹார்ட்கோட் பண்ணி வைத்த ஒரு எண்ணை, "ஓடுதில்ல, தொடாதே" என்று பத்து வருஷம் விட்டுவைப்போமே, அந்த மாதிரி.

"எண் தப்பா இருந்தா என்ன சார், பிரச்சினை உண்மைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். பிரச்சினை உண்மைதான். என் புகார் வேறு. இந்த எண் எல்லா வலையையும் ஒரே குவியலாக்கிவிடுகிறது. எந்த வலை, எங்கே, ஏன் தொலைகிறது என்று தெரியாமல் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது.

ரிச்சர்ட்சன் குழு 2022-இல் கொடுத்த கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஏழு நாடுகளில் 451 மீனவர்களிடம் நேரில் கேட்டு, கருவி வாரியாகப் போட்ட கணக்கு அது. ஆண்டுக்கு 2,963 சதுர கிலோமீட்டர் செவுள் வலை, 218 சதுர கிலோமீட்டர் இழுவை வலை, இரண்டரைக் கோடிக்கும் மேல் பொறிக்கூடுகள். இதிலும் குறை உண்டு. மீனவர் வாயால் சொன்னதுதான் ஆதாரம், ஏழு நாட்டை வைத்து உலகத்துக்கே நீட்டியிருக்கிறார்கள். ஆனால் அனுமானங்கள் எல்லாம் மேசைமேல் இருக்கின்றன, நாளைக்கு ஒருவர் திருத்தலாம். 6,40,000-இல் திருத்த என்ன இருக்கிறது?

இந்த வேறுபாடு மிகவும் உறைப்பது பாதுகாக்கப்பட்ட கடல்களில். ஹவாயின் வடமேற்கில் பாபஹானௌமொகுவாகேயா என்ற கடல் நினைவகம் இருக்கிறது. 2006-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல் சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. இந்தியாவின் நிலப்பரப்பில் கிட்டத்தட்ட பாதி. அங்கே வணிக மீன்பிடிப்புக்குத் தடை. ஆனாலும் அதன் பவளப்பாறைகளில் இழுவை வலைகள் வந்து சிக்கிக்கொண்டே இருக்கின்றன. ஹவாயில் இழுவை வலைத் தொழிலே கிடையாது! வட பசிபிக்கில் எங்கேயோ தொலைந்தவை நீரோட்டத்தோடு வருகின்றன. ஆழமில்லாத பாறைகள் சீப்பு மாதிரி அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. வரைபடத்தில் போட்ட கோடு படகைத்தான் நிறுத்தும், வலையை நிறுத்தாது.

அந்தக் கடலுக்கும் ஒரு எண் உண்டு: ஆண்டுக்கு சுமார் 52 டன் வந்து சேர்கிறது என்று 2007-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இது முக்குளிப்பவர்கள் பாறை பாறையாகத் தேடி, கத்தியால் அறுத்து, சிறு படகில் ஏற்றி, எடை போட்டதிலிருந்து வந்த எண். உலக எண்ணுக்கு முன்னால் தூசு. ஆனால் வேலை செய்கிறது. எத்தனை பேர், எத்தனை படகு, எவ்வளவு அடிக்கடி போக வேண்டும் என்று இதை வைத்துத் திட்டமிட முடியும். அப்படிப் போனதன் பலனையும் அளந்திருக்கிறார்கள். அங்கே வாழும் ஹவாய்த் துறவிச் சீல்கள் மொத்தமே 1,600 அளவில்தான் மிச்சம். வலைகளைத் தீவிரமாக அகற்றிய இடங்களில் அவை சிக்கிக்கொள்வது 71 சதவீதம் குறைந்தது என்று 2024-இல் சயன்ஸ் இதழில் வந்தது.

ஆனால் 52 டன்னை அள்ளினால் அடுத்த ஆண்டு இன்னொரு 52 டன் வரும். அதை நிறுத்த வேண்டுமானால் வலை யாருடையது என்று தெரிய வேண்டும். கருவிகளுக்கு அடையாளக் குறி இடுவதற்கான உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதல்கள் 2018-இல் ஏற்கப்பட்டன. பெயரிலேயே "தன்னார்வ" என்று இருக்கிறது, இஷ்டப்பட்டால் செய்யலாம். மார்போலும் தற்செயலாகத் தொலைவதை விட்டுவிடுகிறது, முன்னெச்சரிக்கை எடுத்திருந்தால் போதும். குறியே இல்லாத வலையில், தொலைந்ததா தூக்கிப் போட்டதா என்று எப்படிப் பிரிப்பது?

இந்தக் கேள்வியைத்தான் 6,40,000 மறைத்துவிடுகிறது. "உலகமே குற்றவாளி" என்று சொன்னால் எந்தக் கப்பல் உரிமையாளருக்கும் வலிக்காது. அடுத்த முறை அந்த எண்ணைப் பார்த்தால் மலைத்துப் போகாதீங்க. எந்த வலை, எந்தக் கடல், யார் எடை போட்டது என்று கேளுங்க. பதில் இல்லாத கட்டுரையை அதோடு மூடி வைத்துவிடலாம்.