பாயைச் சுருட்டுங்கள்

தூக்கம் வராதவர்களுக்கென்று எழுதப்படும் புத்தகங்களில் முக்கால்வாசி ‘கவலைப்படாதே, பால் குடி’ ரகம். கிரெக் ஜேக்கப்ஸ் 1998-ல் எழுதிய ‘ஸே குட்நைட் டு இன்சோம்னியா’ அந்த ரகம் இல்லை. அதனால்தான் அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

அவர் சொல்வது இதுதான். முதலில் தூக்கத்தைக் கெடுத்தது கடனோ, சாவோ, பரீட்சையோ. அது முடிந்து மாதங்கள் ஆன பிறகும் விழித்திருக்க வைப்பது நாம் பழகிக்கொண்ட வழக்கங்கள். எட்டு மணிக்கே போய்ப் படுப்பது, பகலில் ஈடுகட்டுவது, இரவு முழுக்கக் கடிகாரம் பார்ப்பது. அதற்கு ஆறு வாரப் பயிற்சி. தினமும் தூக்கக் கணக்கு எழுதுங்கள். எட்டு மணி நேரம் படுத்து ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் அது நஷ்டத்தில் ஓடும் கடை. கடையைச் சின்னதாக்குங்கள், லாபம் வந்ததும் பெரிசு பண்ணலாம். எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். தூக்கம் வரவில்லையா, படுக்கையை விட்டு எழுந்து போய்விடுங்கள்.

பலிக்குமா? 2004-ல் ஜேக்கப்ஸ் குழு 63 பேரை வைத்து இந்தப் பயிற்சியையும் ஸோல்பிடம் மாத்திரையையும் ஒப்பிட்டது. பயிற்சி ஜெயித்தது. தன் சரக்கைத் தானே நிறுத்தால் நம்பலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியும் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை இந்த வகைப் பயிற்சிதான், மாத்திரை அப்புறம் என்று சொல்லிவிட்டது.

மாத்திரை விஷமில்லை. இழவு விழுந்த வீட்டில் நாலு நாள் தூங்க அது உதவும். நாலு நாள் நாலு வருஷமாவதுதான் தகராறு. உடம்பு பழகிவிடும், நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பும், ‘மாத்திரை இல்லாம முடியாதுப்பா’ என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். அமெரிக்காவில் 2013-ல் பெண்களுக்கான ஸோல்பிடம் அளவைப் பாதியாக்கினார்கள். மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருந்ததாம். அதே வருஷம் இந்தியாவில் அல்பிரஸோலமும் ஸோல்பிடமும் ஹெச்-1 பட்டியலில் சேர்ந்தன. சீட்டு வாங்கி, பதிவேட்டில் பேர் எழுதித்தான் கடைக்காரர் தர வேண்டும்.

இனி என் குறை. இந்தப் புத்தகத்துக்குள் ஒரு வீடு ஒளிந்திருக்கிறது. தனிப் படுக்கையறை, பக்கத்தில் இன்னொரு அறை, காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை. கம்மாபுரம் பக்கம் வந்து பாருங்கள். அருகிலேயே நெய்வேலி, சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக ஓடுகின்றன. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் ‘தினமும் ஒரே நேரத்துல எழுந்திருங்க’ என்றால் சிரிப்பார். ‘அடுத்த அறைக்குப் போங்க’ என்றால், ஒரே கூடத்தில் ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில் அடுத்த அறை வாசல் திண்ணைதான்.

ஆபத்தும் உண்டு. படுக்கை நேரத்தைக் குறைக்கும் முதல் வாரங்களில் பகலில் கண்ணைச் சுழற்றும். கனரக இயந்திரம் ஓட்டுகிறவரும், விடியற்காலையில் பைக்கில் திரும்புகிறவரும், வலிப்பு உள்ளவரும் புத்தகத்தை மட்டும் நம்பி இதில் இறங்கக் கூடாது. வருஷக்கணக்கில் அல்பிரஸோலம் எடுப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்படியானால் புத்தகம் தோல்வியா? இல்லை. அதன் தலையாய விதிக்குக் கட்டிலைவிட நம் பாய் தோதானது. தூக்கம் வந்தால் விரியுங்கள், வராவிட்டால் சுருட்டுங்கள். பாயில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பது, வட்டிக் கணக்குப் போடுவது, செல்போன் நோண்டுவது எல்லாம் கட். இதற்கு அறை வேண்டாம், காசு வேண்டாம்.

வேண்டியது, ஆறு வாரம் கூட இருந்து சொல்லித்தர ஓர் ஆள். மருந்துக்கடை தெருமுனையில் இருக்கிறது. அந்த ஆள்தான் தூரத்தில் இருக்கிறார். ஷிப்ட் அட்டவணையையும் ஒற்றைக் கூடத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு யாராவது ஒரு டாக்டர் இதைத் தமிழில் இருபது பக்கத்தில் எழுதட்டும். ஜேக்கப்ஸ் புத்தகத்தைவிட அதைத்தான் உங்களுக்கு நான் சிபாரிசு செய்வேன்.