கற்பும் கணக்கும்: தமிழ்ப் புனைகதைகள் மூன்றில் பாலியல் தொழிலும் இல்லற அதிகாரமும்

ஆய்வுச் சுருக்கம்

பாலியல் தொழிலைப் பேசும் தமிழ்ப் புனைகதைகள் பெரும்பாலும் கற்பு, சீர்திருத்தம் ஆகிய இரு நோக்குகளிலேயே வாசிக்கப்பட்டு வந்துள்ளன. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ (1934), மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ (1936), ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) ஆகியவற்றில் பெண் ஈட்டும் பொருள் யாரிடம் சேர்கிறது, அதனைச் செலவிடும் உரிமை யாருக்கு இருக்கிறது என்னும் வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: கற்பு, தாசி முறை, இல்லறம், உழைப்பு, பாலினப் பங்கு.

முன்னுரை

விலைமகள், தாசி, பாலியல் தொழிலாளி ஆகிய சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. தேவதாசி மரபில் கோயிற்பணி, இசை, ஆடல் ஆகியன பிணைந்திருந்தன. பெண்வழிச் சொத்துரிமையும் பெண்மகவைத் தத்தெடுக்கும் வழக்கமும் இருந்தன. இன்றைய கலைச்சொல்லை முற்காலத்தின்மீது ஏற்றிப் பார்த்தால் இவ்வேறுபாடுகள் மறைந்துவிடும். ஆயினும் மூன்று பனுவல்களையும் இணைக்கும் இழை ஒன்றுண்டு: பரத்தைமையை விலக்கி வைப்பதாகக் கூறும் குடும்பம், அதன் பொருளாதாரத்தோடு பிணைந்தே இருக்கிறது.

பொன்னகரம்: கற்பின் மறுப்பா, மனைவியின் கடமையா?

ஆலைக்கூலியான அம்மாளுவின் கணவன் ஜட்கா ஓட்டுபவன். குடிபோதையில் வண்டி ஓட்டி அடிபட்டுக் கிடக்கும் அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், வீட்டில் காசில்லை. இருண்ட சந்தில் ஒருவனோடு மறையும் அம்மாளு முக்கால் ரூபாய் ஈட்டுகிறாள். வறுமையை அறியாது கற்பு பேசுவோரைச் சாடும் கதை என்று இது போற்றப்படுகிறது. அது பொருந்தும் வாசிப்பே. ஆனால் கதையின் அங்கதம் எதனை நம்பி நிற்கிறது என்பதையும் நோக்க வேண்டும். அம்மாளு அப்பணத்தைத் தனக்கென ஈட்டியிருந்தால் கதையின் இறுதி அடி இதே வலிமையோடு விழுந்திருக்குமா என்பது ஐயமே. உடற்கற்பை மறுக்கும் கதை, கணவனுக்காகத் தன்னை ஈயும் மனைவி என்னும் படிமத்தின் துணைகொண்டே அவளுக்கு நியாயம் தேடுகிறது. அவளது மனநிலையைக் கதை திறந்து காட்டுவதில்லை. அவள் பொருட்டு வாசகரை நோக்கிப் பேசுபவர் கதைசொல்லியே.

தாசிகள் மோசவலை: உள்ளிருந்து எழும் குரல்

தாசி முறைக்குள் வளர்ந்து, அதனை எதிர்த்துச் சுயமரியாதை இயக்கத்தில் செயலாற்றியவர் மூவலூரார். எனவே இந்நாவல் வெளியிலிருந்து இரங்கும் எழுத்தன்று. தலைப்பின் பிற்பகுதி குறிப்பிடத்தக்கது. மதிபெற வேண்டியவன் செல்வத்தை அழிக்கும் மைனர். பழியைப் பெண்மீது மட்டும் சுமத்தாமல் ஆணின் ஒழுக்கத்தையும் இந்நாவல் விசாரணைக்கு உட்படுத்துகிறது. அதேவேளையில் ‘மோசவலை’ என்னும் உருவகம், பெண்ணின் பொருளீட்டலைச் சூழ்ச்சியாகவே காண்கிறது.

இந்நோக்கு அக்காலத்திலேயே மறுக்கப்பட்டது. சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி மேற்கொண்ட முயற்சிகளைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசியர் எதிர்த்தனர். 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. சிறுமியரை அவர்தம் விருப்பறியாது அர்ப்பணித்த கொடுமை ஒழிந்தது பெரும்பேறே. ஆனால் குடும்பத்தின் தலைமையும் சொத்தும் பெண்களிடம் இருந்த ஓர் அமைப்பிலிருந்து, அவை ஆணிடம் குவியும் இல்லறத்திற்குப் பெண்கள் பெயர்க்கப்பட்டனர் என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

நாளை மற்றுமொரு நாளே: இல்லமே தொழிற்களம்

நாகராஜன் கந்தனின் ஒரு நாளை மட்டுமே சொல்கிறார். அவன் மீனாவின் கணவன். அவளது தொழிலுக்குத் தரகன். அவள் வருவாயில் வாழ்பவன். முந்தைய இரு பனுவல்களிலும் இல்லம் ஒருபுறமும் பரத்தைமை மறுபுறமும் நிற்க, இங்கே அவ்வெல்லை அழிந்துவிடுகிறது. ஈட்டுபவள் மனைவி, சார்ந்திருப்பவன் கணவன் என்று பாலினப் பங்கு தலைகீழாகிறது. எனினும் அதிகாரம் இடம் மாறவில்லை. தனக்குப் பின் மீனாவுக்கு ஒரு வழி செய்துவிட வேண்டுமெனக் கந்தன் கவலைப்படுகிறான். அக்கவலையில் கனிவு உண்டு. அவளை யாரிடம் சேர்ப்பது என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமையும் உண்டு. கனிவையும் உடைமையுணர்வையும் பிரிக்கவியலாதபடி காட்டி, எப்பக்கமும் தீர்ப்பு வழங்காதிருப்பதே நாவலின் வலிமை. ஆயின் அந்த ஒரு நாள் கந்தனுடையது. மீனாவின் நாள் எழுதப்படவில்லை.

முடிவுரை

பெண் பொருளீட்டுவதனால் மட்டுமே உறவின் அதிகாரம் மாறிவிடாது என்பதை அம்மாளுவும் மீனாவும் உணர்த்துகின்றனர். தாசி முறை பற்றிய விவாதமோ, பொருளுரிமை இருந்த இடத்தில் உடலுரிமை இல்லாமற்போனதைக் காட்டுகிறது. இவ்விரண்டும் ஒருங்கே அமையும் உறவு எத்தகையது என்ற வினா, இருவரும் பொருளீட்டும் இன்றைய இல்லறத்திற்கும் உரியது. மலையாளத்தில் 2005இல் வெளிவந்த நளினி ஜமீலாவின் தன்வரலாறு, தொழிலில் இருந்த பெண் தன் கணக்கைத் தானே சொல்லும் எழுத்தாக அமைந்தது. அத்தகைய தன்கூற்றுகளோடு ஒப்பவைத்துப் படிக்கும்போதுதான், பரிவோடு எழுதப்பட்ட புனைகதைகளிலும் பெண்ணின் பேச்சு எங்கே நிறுத்தப்பட்டது என்பது துலங்கும். கற்பு பற்றிய விவாதத்தோடு நின்றுவிடாமல் இக்கணக்கையும் வாசிப்பது, இப்பனுவல்களைப் பாடமாக வைக்கும் வகுப்பறைகளின் கடமையாகும்.