எண்ணெய் தொட்ட விரல்

தரமணி அலுவலகத்தில் பகலெல்லாம் நிரல் எழுதிவிட்டு மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து சேர இரவு எட்டரை ஆகிவிடும். முகம் கழுவி, பாய் விரித்து, வீணையின் சுரைக்காயை இடத்தொடையில் சாய்த்துக்கொள்வேன். எண்ணெயில் நனைத்த பஞ்சை இடக்கை விரல்களால் ஒருமுறை தொட்டால் போதும், சாரணித் தந்தியில் விரல் வழுக்கிக்கொண்டு ஓடும். மீட்டியதும் பலாமரக் குடத்தின் அதிர்வு காதோடு, அதன்மேல் படிந்திருக்கும் வலக்கைக்கும் கேட்கும்.

விசைப்பலகையில் ஒரு பொத்தானை எத்தனை முறை தட்டினாலும் அதே எழுத்துதான். வீணையில், மெழுகில் பதிந்த 24 மெட்டுகளில் ஒன்றின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், அதே இடத்திலிருந்து அடுத்த ஸ்வரமும் எழும்பி வரும். எவ்வளவு இழுப்பது என்று எந்தக் குறியும் சொல்லாது. காது கேட்டு, விரல் நிதானிக்க வேண்டும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, முதல் காலத்தில், மெல்ல. சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தொட்டுத் தொட்டுப் போகும். கடைசி ஸட்ஜம் அடங்கும்வரை விரலை எடுக்க மனம் வராது. விரல் நுனியில் தந்தி பதித்த கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கப் போவேன்.